பாதி உருளி

பேரூர் தாண்டி மேற்கே போனால் மலையடிவாரத்தில், பாக்குத் தோப்பு ஒன்றை வெட்டிச் சமன்செய்து எழுப்பிய சாரல்வனம் என்கிற குடியிருப்பு இருக்கிறது. கணவனும் மனைவியும் சேர்ந்து நின்று சமைப்பதற்கென்றே பொதுவில் ஒரு திறந்தவெளிச் சமையலறை வேண்டும் என்று அங்கிருந்த இருபத்தாறு தம்பதிகளும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடிப் பேசிக் கைதூக்கி முடிவு செய்தபோது, அந்த வேலை தமயந்தியிடம்தான் வந்தது. கோயம்புத்தூரில் அந்த மாதிரிச் சமையலறை என்றால் அவளும் அவள் கணவன் இளம்பரிதியும்தான் என்று பேர். அவர்கள் நிறுவனத்துக் காலண்டரில் வருஷாவருஷம் இருவரும் ஒரே கரண்டியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற படம் வரும், அதைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் எங்களுக்கும் இதே மாதிரி ஒன்று கட்டித் தாருங்கள் என்பார்கள். அவள் வரைவாள், அவன் பேசுவான். அவள் யோசித்ததை அவன் நான் யோசித்தேன் என்று சொல்லுவான், அவள் பக்கத்தில் நின்று சிரிப்பாள். பதினாலு வருஷமாக அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

தமயந்தி மூன்று சாயங்காலம் அந்தக் காலி மனையில் தனியாக உட்கார்ந்து, பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வருகிற காற்று எந்த மூலையில் நுழைந்து எந்த மூலையில் போகிறது என்று பார்த்தாள். அதற்குத் தக்கபடி ஓட்டுக் கூரையை ஒரு பக்கம் தூக்கிப் புகைக்கு வழிவிட்டாள். சுவரே வைக்கவில்லை. கறுப்புக் கல் பதித்த மேடையை ஆண் நிற்கிற பக்கம் மூன்று அங்குலம் உயர்த்தி, பெண் நிற்கிற பக்கம் அவள் இடுப்புக்குச் சரியாக இறக்கி, இரண்டு பக்கமும் ஆளுக்கொரு குழாயும் தொட்டியும், அரைக்கிறது ஒருவர் தலையில் மட்டும் விழக்கூடாது என்று ஆளுக்கொரு ஆட்டுக்கல்லும் வைத்தாள். நடுவில் ஒரே ஒரு அகலமான அடுப்பு, அதன் மேல் இரண்டு முழம் அகலத்துக்கு ஒரு வெண்கல உருளி. இருவரும் எதிரெதிரே நின்று ஒரே உருளியைக் கிண்ட வேண்டும், கிண்டும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத்தான் ஆக வேண்டும். அதுதான் அவள் யோசனை. திறப்பு விழாவில் இளம்பரிதி மைக்கைப் பிடித்து இந்த யோசனை தனக்கு ஒரு நாள் குளிக்கும்போது தோன்றியதாகச் சொன்னான். தமயந்தி சிரித்தாள்.

திறப்பு விழா முடிந்த பிறகு முதலில் சமைத்தவர்கள் குடியிருப்புச் சங்கத்தின் தலைவர் நஞ்சப்பனும் அவர் மனைவி சரஸ்வதியும். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷம், ஒரு நாள்கூட இரண்டு பேரும் குரல் உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. அரிசிம்பருப்புச் சாதம் செய்தார்கள். நஞ்சப்பன் பூண்டு உரித்தார், சரஸ்வதி தாளித்தார், இரண்டு பேரும் இரண்டு பக்கம் நின்று கிண்டி மூடிவைத்தார்கள். வெந்து, மூடியைத் திறந்தபோது உருளிக்கு நடுவே நூல்பிடித்த மாதிரி ஒரு கோடு இருந்தது. நஞ்சப்பன் நின்ற பக்கம் சாதம் மஞ்சளாக, நெய் மினுங்க, கொத்தமல்லி வாசத்தோடு இருந்தது. சரஸ்வதி நின்ற பக்கம் சாம்பல் பச்சையாகப் பூசணம் படர்ந்து, நுரை கக்கி, அரிசி எது புழு எது என்று அது நெளிகிறவரைக்கும் தெரியாதபடி வெள்ளை வெள்ளையாகப் புழு வைத்திருந்தது. ஈரச் சாக்குக்கு அடியில் எலி செத்துக் கிடந்தால் எப்படி நாறுமோ அப்படி நாறியது. ஊர்ந்து வந்த புழுக்கள் கோட்டுக்கு வந்ததும் திரும்பிப் போயின.

யாரும் கத்தவில்லை. சரஸ்வதி ஒரு வாழையிலை கொண்டுவரச் சொல்லித் தன் பக்கத்தை அதைக்கொண்டு மூடினார், நல்ல பக்கத்திலிருந்து எல்லாருக்கும் பரிமாறினார். எல்லாரும் சாப்பிட்டார்கள். நெய் நல்ல மணம் என்றார்கள்.

அடுத்த ஞாயிறு பல் டாக்டரும் அவர் மனைவியும் பிரியாணி செய்தபோது டாக்டர் பக்கம் கெட்டது. அதற்கடுத்த வாரம் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிற இளம் ஜோடி ஒன்று சமைத்தபோது கோடே விழவில்லை, முழு உருளியும் கெட்டது. அவர்கள் அடுப்பில் சூடு போதவில்லை என்று சொல்லிவிட்டு வெளியிலிருந்து பரோட்டா வாங்கிக் கொடுத்தார்கள். நான்காவது வாரம் நஞ்சப்பன் தமயந்தியைப் போனில் கூப்பிட்டு, டிசைனில் ஏதோ கோளாறு இருக்கிறது, வந்து பார்க்க வேண்டும் என்று மரியாதையாகச் சொன்னார்.

அவள் போய்ப் பார்த்தாள். சாக்கடை வாட்டத்தைப் பார்த்தாள், ஓட்டைப் பிரித்துப் பார்த்தாள், தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பினாள், உருளிக்குப் புதிதாக ஈயம் பூச வைத்தாள், அதன் பிறகும் சரியாகவில்லை என்றதும் உருளியையே மாற்றினாள். புது உருளியிலும் பாதி கெட்டது. இலையைத் தூக்கிக் கெட்ட பாதியை முதன்முதலாக அவள் பார்த்தபோது துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். பக்கத்தில் நின்ற சரஸ்வதி அவள் கையை மெதுவாகப் பிடித்து இறக்கினார்.

"மூக்கைப் பொத்தாதீங்க மேடம். மனசு சங்கடப்படும்."

"யாருக்குங்க?"

"எல்லாருக்குந்தான்."

அன்றைக்கே இடித்துவிடலாம் என்றுதான் தமயந்திக்கு இருந்தது. காரில் திரும்பும்போது, கூட வந்திருந்த இளம்பரிதியிடம் சொன்னாள். அவன் பொறுமையாகக் கேட்டான், அவன் எப்போதுமே பொறுமையாகத்தான் கேட்பான். நம்ம கட்டுமானத்தில் குறையில்லை என்றான், இடித்தால் குறை இருந்ததாக நாமே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகும் என்றான், மனுஷர்கள் பழகிக்கொள்வார்கள், விட்டுவிடு என்றான். அவள் சரி என்று சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவன் சொன்னபடியே பழகிக்கொண்டார்கள். முதலில் கெட்ட பாதியைக் கொட்டுவதற்குத் தோட்டத்தின் ஓரத்தில் ஒரு குழி வெட்டினார்கள், அதில் காக்கை இறங்கவில்லை, தெருநாய் மோந்து பார்த்துவிட்டுத் தும்மிக்கொண்டு ஓடியது. பிறகு பாதிதான் தேறும் என்பதால் இரண்டு மடங்காகச் சமைக்க ஆரம்பித்தார்கள். விருந்தாளி வந்தால் எந்தப் பக்கத்திலிருந்து எடுக்க வேண்டும், இலையை யார் போட வேண்டும், எது யாருடைய பக்கம் என்று வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்றெல்லாம் சங்கத்தில் எழுதாத விதிகள் உண்டாயின. யார் பக்கம் கெட்டாலும் மற்றவர் பார்த்துப் புன்னகை செய்ய வேண்டும் என்பதும் ஒரு விதி.

ஒரு நாள் இவ்வளவு சாப்பாட்டை மண்ணில் கொட்டுவதா என்று ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியர் ஒருவர் கெட்ட பாதியில் ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டு, கண்ணை மூடி மென்று, விழுங்கி, வெளிநாட்டில் இந்த வகைப் பாலாடைக்கட்டியை வரிசையில் நின்று வாங்குகிறார்கள் என்றார். அவர் சாகவில்லை, வயிற்றுவலிகூட வரவில்லை. அடுத்த வாரம் நாலு பேர் சாப்பிட்டார்கள், அதற்கடுத்த வாரம் எல்லாரும் சாப்பிட்டார்கள். முதலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு, பிறகு ஊறுகாய் தொட்டுக்கொண்டு, பிறகு ஊறுகாய் இல்லாமலே. சரஸ்வதி பக்கத்துக்கு ஒரு புளிப்பு, டாக்டர் பக்கத்துக்கு ஒரு காரல் என்று ருசி பிரித்துப் பேசினார்கள். குழியை மூடி அதன்மேல் செம்பருத்தி வைத்தார்கள். டப்பாவில் போட்டு வெளியூரில் இருக்கிற பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்பினார்கள். புழு நெளிகிற சோற்றை விரலால் வழித்து உள்ளங்கையை நக்குகிற அளவுக்கு ஆனார்கள்.

எட்டு மாதம் கழித்து நஞ்சப்பன் மறுபடி போன் செய்தபோது குறை சொல்லவில்லை. ஒரு அடுப்பு போதவில்லை, ஞாயிற்றுக்கிழமைக்கு அடிதடியாக இருக்கிறது, குளத்தோரம் இரண்டாவதாக ஒன்று கட்ட வேண்டும் என்றார். கூடவே ஆண்டு விழாவுக்கு நீங்கள் இரண்டு பேரும் வந்து எங்கள் உருளியில் சமைத்துக் காட்ட வேண்டும், அது எங்கள் எல்லாருடைய ஆசை என்றார். போனை எடுத்த இளம்பரிதி அவளைக் கேட்காமலே சரி என்று சொல்லிவிட்டான்.

குளத்தோரத்து மனையை அளக்க அவள் ஒரு புதன்கிழமை முற்பகலில் தனியாகப் போனாள். அன்றைக்குச் சமையலறையில் தோட்ட வேலைக்காரர்களுக்குக் கொள்ளும் சோறும் ஆக்கிக்கொண்டிருந்தார்கள் மருதாசலமும் ரங்கம்மாளும். அந்தக் குடியிருப்பின் செடிகொடிகளைப் பார்த்துக்கொள்கிற புருஷன் பெண்டாட்டி அவர்கள், சங்கத்தில் அனுமதி கேட்டு அன்று ஒரு நாள் உருளியை எடுத்திருந்தார்கள். தமயந்தி அளவு நாடாவை விரித்ததிலிருந்து மடித்ததுவரைக்கும் இரண்டு பேரும் வாயை மூடவில்லை. தண்ணியை அளக்கத் தெரியாதவன் என்று அவள் ஏசினாள், உன் அண்ணன் கொண்டுவந்த கொள்ளில் பாதி கல்லு என்று அவன் ஏசினான். அங்கே ஆரம்பித்து, போன மாரியம்மன் நோன்புக்கு யார் யாரைப் பேருந்து நிலையத்தில் விட்டுவிட்டுப் போனது என்பதில் போய் நின்றது.

"உன்ற மூஞ்சியப் பாத்தாலே குமட்டுது," என்றாள் ரங்கம்மாள், கரண்டியை உருளியின் விளிம்பில் தட்டி.

"குமட்டுனா அந்தப் பக்கம் திரும்பிக்க. கொள்ளு அடிப்புடிக்குது பாரு."

அவள் திரும்பவில்லை. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே கிண்டினாள். இறக்கும்போது உருளியில் கோடு இல்லை. இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை கொள்ளு ஒரே நிறமாக, ஆவி பறக்க, மண்ணில் முதல் மழை விழுந்த மாதிரி மணமாக இருந்தது. ரங்கம்மாள் தமயந்திக்கும் ஒரு கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தாள். அந்த வழியாக வந்த நஞ்சப்பனுக்கும் கொடுத்தாள். அவர் ஒரு வாய் போட்டார், நாக்கைச் சுழற்றினார், பிறகு கைக்குட்டையில் நாசூக்காகத் துப்பினார்.

"சப்புனு இருக்குதுங்க. ஒரு பக்குவமே இல்லை. பாவம், அவங்களுக்கு இன்னும் கைவரலை."

தமயந்தி கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டாள். கடைசியாக எப்போது இப்படிப் பசித்துச் சாப்பிட்டோம் என்று யோசித்துப் பார்த்தாள், நினைவுக்கு வரவில்லை. இந்த உருளி எதைக் கெடுக்கிறது, எதை விட்டுவிடுகிறது என்பது அவளுக்கு அந்தக் கொள்ளு தொண்டையில் இறங்கும்போதே விளங்கிவிட்டது. இளம்பரிதியோடு இதன்முன் நிற்க முடியாது என்பதும் அப்போதே தெரிந்துவிட்டது.

அவன் நல்லவன்தான். கை ஓங்கியதில்லை, கடுஞ்சொல் சொன்னதில்லை, அவள் அப்பா படுக்கையில் கிடந்தபோது கூசாமல் துடைத்துவிட்டவன். ஆனால் சமைக்கும்போது கரண்டியை வாயில் வைத்து உறிஞ்சிப் பார்த்துவிட்டு எச்சிலோடு மறுபடி சட்டிக்குள் விடுவான். அவள் வரைந்த தாளை எச்சில் தொட்டுத் திருப்புவான். அவள் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் அதை எடுத்துத் தன் வாயில் போட்டு மென்று முடிப்பான். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு விருது மேடையில் அவள் வரைந்த வீட்டை, அஸ்திவாரத்திலிருந்து அவள் கனவுகண்ட வீட்டை, தன் வீடு என்று சொல்லி அவன் மாலை வாங்கிக்கொண்டபோது, முன்வரிசையில் கைதட்டிக்கொண்டிருந்த அவளுக்கு வாயில் ஒரு கசப்பு ஊறியது. அவள் அதை விழுங்கினாள். விழுங்குவது அவ்வளவு கடினமாக இல்லை. அதனால் மறுநாளும் விழுங்கினாள்.

விழாவன்று காரில் ஏறும்போது நான் சமைக்கவில்லை என்று இரண்டுமுறை சொன்னாள். அவன் இன்னும் மூன்று குடியிருப்பிலிருந்து ஆட்கள் பார்க்க வருகிறார்கள், உனக்குக் களைப்பாக இருந்தால் சும்மா நின்று சிரி, நான் கிண்டிக்கொள்கிறேன் என்றான்.

சாயங்கால வெயிலில் புல்தரை முழுக்க நாற்காலி. நாட்டுக்கோழிக் குழம்பு என்று முடிவாகியிருந்தது. தமயந்தி தன் பக்கத்து ஆட்டுக்கல்லில் மிளகும் மல்லியும் அரைத்தாள், தேங்காய் அரைத்தாள், அவன் பக்கத்துக்கும் சேர்த்து அரைத்தாள். இளம்பரிதி கிண்டிக்கொண்டே கூட்டத்தைப் பார்த்துப் பேசினான், தம்பதிகள் எதிரெதிரே நிற்க வேண்டும் என்பது தனக்கு எப்படித் தோன்றியது என்று சொன்னான். நடுவில் கரண்டியை உறிஞ்சி, தலையாட்டி, மறுபடி குழம்புக்குள் விட்டான். அவள் சிரித்தாள். மூடிவைத்தார்கள்.

மூடியைத் திறந்தது நஞ்சப்பன். இளம்பரிதி பக்கம் குழம்பு செக்கச்செவேல் என்று எண்ணெய் மிதந்து மின்னியது. தமயந்தி பக்கம் கறுப்பாகச் சீழ் கட்டி, குமிழி விட்டு, கோழித்தோல் ஊதி வெடித்து, ஒவ்வொரு துண்டிலிருந்தும் தடித்த புழுக்கள் தலைநீட்டின. இதுவரை அந்த உருளியில் விழுந்த கெட்ட பாதிகளிலேயே அதுதான் மகா கெட்டது. நாற்றம் புல்தரை முழுக்கப் பரவியது. சனங்கள் கைதட்டினார்கள். எழுந்து நின்று கைதட்டினார்கள். சரஸ்வதி கண்கலங்கி வந்து அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"நீங்களும் நம்ம ஆளுதான் கண்ணு."

இளம்பரிதி ஒரு தட்டை எடுத்தான். தன் பக்கத்தில் கை வைக்காமல் அவள் பக்கத்திலிருந்து இரண்டு கரண்டி அள்ளிப் போட்டு, எல்லாரும் பார்க்கப் பிசைந்து, வாய் நிறையச் சாப்பிட்டான். அருமை என்றான். பிறகு அவள் காதருகே குனிந்து, எப்போதும் பேசுகிற அதே இதமான குரலில் பேசினான்.

"எனக்கு ரொம்ப நாளாவே தெரியும் தமயந்தி. வீட்லயும் இதைத்தானே சாப்பிட்டுட்டிருக்கேன். நல்லாத்தானே போகுது நமக்கு?"

அவள் அவன் உதட்டோரத்தில் ஒட்டியிருந்ததைப் பார்த்தாள். அது இன்னும் அசைந்துகொண்டிருந்தது. அவன் கையிலிருந்த தட்டை வாங்கினாள், ஒரு வாய் அள்ளித் தானே போட்டுக்கொண்டாள். இத்தனை வருஷம் தான் ஆக்கியதைத் தான் ருசித்ததே இல்லை என்பது மென்றபோதுதான் தெரிந்தது. அழுகிய பல் மாதிரி, மாதக்கணக்கில் மாற்றாத பூச்சட்டித் தண்ணீர் மாதிரி, அதற்கெல்லாம் அடியில் சர்க்கரை போட்ட மாதிரி ஒரு தித்திப்பும் இருந்தது. சீழையும் புழுவையும் பொறுத்தாள், அந்தத் தித்திப்பைத்தான் தாங்க முடியவில்லை. கறுப்புக் கல் மேடையைப் பிடித்துக்கொண்டு குனிந்து, குடல் வெளியே வந்துவிடுகிற மாதிரி அவள் வாந்தியெடுத்தாள்.

இத்தனை மாதத்தில் சாரல்வனத்தில் யாரும் வாந்தியெடுத்ததில்லை. கைதட்டல் நின்றுவிட்டது. இளம்பரிதி அவள் நெற்றியைப் பிடிக்க வந்தான்.

"தொடாதீங்க," என்றாள். வாயைப் புறங்கையால் துடைத்தாள். சத்தமாகச் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை, ஆனால் எல்லாருக்கும் கேட்டது. "கரண்டிய வாயில வச்சுட்டுத் திரும்பச் சட்டியில விடறீங்களே, அது எனக்கு அருவருப்பா இருக்கு. என் வீட்டை உங்க வீடுன்னு சொன்னீங்களே, அது அதைவிட அருவருப்பு. அதைக் கேட்டுட்டுப் பக்கத்துல நின்னு சிரிக்கற என் மூஞ்சி இருக்கே, அது எல்லாத்தையும்விட."

சொல்லி முடிப்பதற்குள் மறுபடி குமட்டியது. ரங்கம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவள் நெற்றியைத் தன் சொரசொரத்த உள்ளங்கையில் தாங்கிப் பிடித்தாள்.

"கக்குங்க அம்மிணி. வவுத்துல வெச்சுக்காதீங்க."

அடுத்ததாகச் சரஸ்வதிக்கு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்தி அடக்கப் பார்த்தார், அடங்கவில்லை, செம்பருத்திச் செடியடியில் உட்கார்ந்து முப்பத்தெட்டு வருஷத்தையும் கக்குகிற மாதிரிக் கக்கினார், அதைப் பார்த்து நஞ்சப்பனுக்கு வந்தது, டாக்டருக்கு வந்தது, டாக்டர் மனைவிக்கு வந்தது, பேராசிரியர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு தவளை மாதிரி ஒலியெழுப்பினார், பட்டுப்புடவையும் சரிகை வேட்டியுமாக இருபத்தாறு தம்பதிகளும் புல்தரையில் முழங்கால் போட்டு, சாம்பலும் பச்சையும் கறுப்புமாக, ஞாயிறு ஞாயிறாகத் தின்று தீர்த்த அத்தனையையும் வெளியே தள்ளினார்கள், பார்க்க வந்த மூன்று குடியிருப்பு ஆட்களும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார்கள். யாரும் யார் தலையையும் பிடிக்கவில்லை. இதற்கு நடுவில் இளம்பரிதி ஒருவன்தான் எதுவும் வராமல் நின்றுகொண்டிருந்தான். அவன் முகம் கோணியிருந்தது. அவன் செருப்பில் தெறித்ததையும் அவளையும் மாறி மாறிப் பார்த்த அந்தப் பார்வையில், கல்யாணமான நாளிலிருந்து அவள் பார்த்திராத அருவருப்பு இருந்தது. அவனுக்கும் அப்படி ஒன்று உண்டு என்பது அவளுக்கு ஏனோ ஆறுதலாக இருந்தது.

திங்கறதெல்லாம் தின்னுட்டு அள்ளறதுக்கு நாங்களா என்று மருதாசலம் தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு வந்து சத்தம்போட்டான். தமயந்தி அவனிடமிருந்து துடைப்பத்தை வாங்கிக்கொண்டாள். இருட்டுவதற்குள் இரண்டு பெண்களும் அவனும் பாதித் தரையைக் கழுவிவிட்டார்கள். மீதியைக் கழுவச் சங்கத்துக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து வாளி எடுத்தார்கள்.

குளத்தோரத்தில் இரண்டாவது சமையலறை கட்டவில்லை. முதலாவதை இடிக்கவும் இல்லை. சரஸ்வதி உடுமலையில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய் இரண்டு மாதம் இருந்துவிட்டு வந்தார். வந்ததும் நஞ்சப்பனை எதிரே நிறுத்தி அடுப்பைப் பற்றவைத்து, கிண்டக் கிண்டப் பேச ஆரம்பித்தார், அவர் பேசுகிற சத்தம் மெயின் ரோடு வரை கேட்கிறது என்று சொல்லிக்கொண்டார்கள். இப்போது அவர்கள் உருளியில் ஒரு கையளவுதான் கெடுகிறது, அதைச் சரஸ்வதி இலைபோட்டு மூடுவதில்லை. கம்ப்யூட்டர் கம்பெனி ஜோடி பிரிந்துவிட்டது. டாக்டர் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு இன்னும் அந்தக் கெட்ட பாதியையே சாப்பிடுவதாகக் கேள்வி, அந்தப் பக்கம் போனால் வாடை வரும்.

இளம்பரிதி சிங்காநல்லூரில் தனியாக அறை எடுத்துக்கொண்டு போனான். நிறுவனம் இரண்டானது. தமயந்தி இப்போது தானே வாடிக்கையாளர்களிடம் பேசுகிறாள். பேச்சு வரவில்லை, திக்குகிறது, பாதி வேலை அதனாலேயே கைவிட்டுப் போகிறது. விட்டுப்போன ஏதோ காகிதத்தில் கையெழுத்து வாங்க ஒரு நாள் மத்தியானம் அவன் அவள் வீட்டுக்கு வந்தான். இளைத்திருந்தான். சாப்பாட்டு நேரம், அதனால் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டாள், அவன் சரி என்றான். எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அவன் ரசத்தை ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் போட்டான், மெல்லாமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தான், பிறகு தட்டைத் தள்ளிவைத்தான்.

"உப்பு ஜாஸ்தி," என்றான்.

தமயந்தி ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டுப் பார்த்தாள்.

"ஜாஸ்திதான்," என்றாள், எழுந்துபோய் மோர்ச் சட்டியை எடுத்துவந்து இருவருக்கும் நடுவில் வைத்தாள்.